பயப்படி

மரியே வாழ்க

கீரமங்கலம்
11-2-1955

அன்புள்ள வீரய்யாவுக்கு, உன் கூட்டாளி லூர்துநாதன் எழுதிக்கொண்டது.

இங்கே எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ பயந்துகொண்டேதான் இந்தக் காகிதத்தைப் பிரிப்பாய் என்று தெரியும், அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உன் மனைவி பிரகதாம்பாள் சுகம். யாரும் உன் வீட்டுக் கதவைத் தட்டிச் சத்தம் போடவில்லை. யாரும் போலீசுக்குப் போகவில்லை.

உன் விலாசம் மூக்கன் மூலமாகக் கிடைத்தது. நம் மண்டியில் மூட்டை தூக்குகிற அவனுக்கு ஒரு மைத்துனன் பம்பாய்த் துறைமுகத்தில் இருக்கிறான் அல்லவா, அவன் எழுதியிருந்தான். எண்ணெய் வித்து வியாபாரம் நடக்கிற தெருவில் ஒரு சேட்டின் கிடங்கில் நீ கணக்கு எழுதுகிறாயாம். அந்த மைத்துனனைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாயாம். மூக்கன் அந்தக் கடிதத்தை இரண்டு நாள் மடியில் வைத்திருந்து, மூன்றாம் நாள்தான் என்னிடம் கொடுத்தான்.

நீ பொங்கல் கழிந்த ஐந்தாம் நாள் முதல் பஸ்ஸில் போனாய். ஏழு மணிக்கெல்லாம் மண்டி வாசலில் வண்டிகள் வந்துவிட்டன. நாற்பத்து மூன்று குடியானவர்கள், அறுநூற்று நாற்பது மூட்டை நிலக்கடலை. ஆடியில் விதைக்கும்போதே, கடலை பறித்ததும் எங்கள் மண்டிக்குக் கொண்டுவாருங்கள், மூட்டைக்குப் பதினெட்டு ரூபாய் தருகிறோம் என்று நீ சொன்னாயே, அந்த ஒரு வார்த்தையை நம்பி வந்தவர்கள்.

அந்த வாரம் விலை பட்ட பாடு உனக்கே தெரியும். காலைத் தந்தியில் பதின்மூன்று, மத்தியானம் பன்னிரண்டு, பொழுது சாயும்முன் பதினொன்று. நீ போன பிறகு அது பதினொன்றில் நின்றது. நின்றது என்றால் காகிதத்தில் நின்றது. எண்ணெய் மில்லுக்கு ஆள் அனுப்பினேன். இப்போது வேண்டாம் என்று பதில் வந்தது. புதுக்கோட்டை மொத்த வியாபாரியிடம் நானே போனேன். மோர் கொடுத்து உபசரித்தார், மூட்டையைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. விலை இறங்கியதற்காக யாரும் ஒதுங்கவில்லை, வீரய்யா. நாளைக்கு என்ன விலை என்று ஒருவருக்கும் தெரியவில்லை, அதற்காக ஒதுங்கினார்கள். பதினோரு ரூபாய் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பதினோரு ரூபாயை எடுத்துக் கையில் கொடுக்கத்தான் ஆளில்லை.

வண்டிகளுக்கு முன்னால் கொத்தமங்கலத்து ராக்காயி நின்றாள். புருஷன் போன பிறகு நாலு ஏக்கரைத் தனியாகப் பார்க்கிறாளே, அவளேதான். பதினான்கு மூட்டை கொண்டுவந்திருந்தாள். "பதினெட்டுன்னு சொன்ன வாயி எங்க தம்பி? அதக் கொண்டாந்து இங்கிட்டு நிறுத்து" என்றாள். நீ ஊரில் இல்லை என்றேன். பின்னால் வண்டிகளில் உட்கார்ந்திருந்தவர்களும் ஒவ்வொருவராகக் கீழே இறங்கினார்கள்.

நீ எழுத்தில் ஒன்றும் கொடுக்கவில்லை. அது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். நான் கையை விரித்திருக்கலாம். ஆனால் ஆடியில் நீ அந்தப் பதினெட்டைச் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. இத்தனை மூட்டையும் நம் மண்டிக்கே வரப்போகிறது என்று எனக்கும் உள்ளூரச் சந்தோஷம். ஆகையால், சொன்ன வாயில் பாதி என்னுடையது, ஆனால் பெட்டியில் இருப்பது இரண்டாயிரத்து எழுநூறு ரூபாய்தான் என்று திறந்தே காட்டிவிட்டேன்.

அன்றிரவு வண்டிகள் அங்கேயே கிடந்தன; மறுநாள் மத்தியானம் மில்லிலிருந்து ஆள் வந்தான். அத்தனை மூட்டையையும் இன்றைக்கே எடுத்துக்கொள்கிறோம், ஒன்பது ரூபாய் என்றான். ஊர் விலை பதினொன்று ஆயிற்றே என்று கேட்டேன். "மொதலாளிக்குப் பயமா இருக்குங்க. வாங்கி வச்சப்புறம் இன்னும் எறங்கிட்டா? அதுக்குத்தான் அந்த ரெண்டு ரூவா" என்றான். மறைக்காமல் சொன்னான், அந்த மட்டில் நல்லவன். அரசாங்கக் குமாஸ்தாவுக்குப் பஞ்சப்படி மாதிரி மில் முதலாளிக்குப் பயப்படி போலிருக்கிறது என்றேன் நான். என்ன நினைத்துச் சொன்னேனோ, இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

ராக்காயி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் மூட்டையின் மேல் உட்கார்ந்து யோசித்தாள். பிறகு சொன்னாள்: "அவரு பயப்படுறதுக்கு நாம ஏன் படி குடுக்கணும்? நாமளே பயந்துக்குவோம். அந்தப் படி நமக்கே இருக்கட்டும்."

அந்தப் பேச்சுதான் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது. பணம் உடனே வேண்டும் என்று தவித்தவர்கள் பன்னிரண்டு பேர், இருநூற்று நாற்பது மூட்டை. பெட்டியில் இருந்ததை எடுத்து அவர்களுக்குப் பதினொன்று வீதம் கொடுத்து மண்டியே வாங்கிக்கொண்டது. பொறுக்க முடிந்தவர்கள் முப்பத்தொரு பேர், தங்கள் மூட்டைகளை நம் கிடங்கில் போட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டார்கள். எப்போது விற்கிறதோ, என்ன விலை வருகிறதோ, அது அவர்களுடையது. பெட்டியில் இப்போது அறுபது ரூபாய் இருக்கிறது.

நீ பதில் போட்டாலும் போடாவிட்டாலும் நான் எழுதுவேன். வேளைக்குச் சாப்பிடு.

உன்,
லூர்துநாதன்


மரியே வாழ்க

கீரமங்கலம்
17-4-1955

அன்புள்ள வீரய்யாவுக்கு,

போன கடிதம் திரும்பி வரவில்லை. அதனால் உன் கையில் சேர்ந்தது என்றே வைத்துக்கொள்கிறேன்.

உயிர்ப்புத் திருநாளுக்கு ஆவூர் போய் நேற்றுத்தான் திரும்பினோம். வீட்டில் அருளம்மாள் என்னோடு பேசுகிறாள், உன் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள். "அந்த அண்ணன் பேர இந்த வீட்டுல எடுக்காதீங்க" என்று சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு ஓடு மாற்ற வைத்திருந்த பணமும் அந்தப் பெட்டியில்தான் இருந்தது என்பதை அவளிடம் நான் பிற்பாடுதான் சொன்னேன். கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம். மழைக்கு முன் மாற்றிவிடலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆவூரில் செய்த பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணப் போனபோது சாமியாரிடம் ஒன்று கேட்டேன். கஷ்டத்தில் இருந்தவர்களிடம் பதினோரு ரூபாய்க்குக் கடலை வாங்கி வைத்திருக்கிறேன், இது பாவமா என்று. விலை இறங்கினால் நஷ்டம் யாருக்கு என்று கேட்டார். எனக்கு என்றேன். "அப்படியானால் இன்றைக்குப் பாவம் இல்லை. விலை ஏறினால் திரும்ப வந்து கேள்" என்று அனுப்பிவிட்டார். விலை இப்போது பத்து. ஆகவே இந்த நிமிஷம் வரைக்கும் நான் புண்ணியவான்.

அன்றைக்குப் பணம் வாங்கிக்கொண்டு போனவர்களில் நாகராசு உனக்குத் தெரிந்தவர்தான். முப்பது மூட்டைக்காரர். மாசியில் மகளுக்குக் கல்யாணம் முடித்தார். பந்தியில் என்னை முதல் வரிசையில் உட்காரவைத்து, அவரே நின்று பரிமாறினார். மாப்பிள்ளை வீட்டார் யார் இவர் என்று கேட்டதற்கு, எனக்கு உறவு என்று சொன்னார். உன்னைப் பற்றியும் விசாரித்தார். நான் பம்பாய் என்று மட்டும் சொன்னேன்.

இனி பிரகதாம்பாள். நீ இதற்காகத்தான் வரிவரியாகத் தேடிக்கொண்டிருப்பாய்.

அவள் அண்ணன் ஆலங்குடியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து கூப்பிட்டார். வரமாட்டேன் என்றுவிட்டாள். மறுநாள் காலை மண்டிக்கு வந்து, கிடங்குச் சாவியைக் கேட்டாள். எதற்கு என்றேன். "இத்தன மூட்டையும் ஒரே தரமா அண்ணே? எது நல்லது, எது பொக்குன்னு யாருக்காச்சும் தெரியுமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. அன்று முதல் தினமும் வருகிறாள். ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு கைப்பிடி எடுத்து, உடைத்து, பருப்பைத் தனியாக, தோலைத் தனியாக நிறுத்துப் பார்த்து மூட்டையில் சுண்ணாம்பால் குறி போடுகிறாள். நூறு பலம் கடலைக்கு எழுபத்திரண்டு பலம் பருப்பு விழுகிற மூட்டையும் இருக்கிறது, அறுபது விழுகிற மூட்டையும் இருக்கிறது. இத்தனை வருஷம் இரண்டையும் ஒரே விலைக்கு வாங்கியிருக்கிறோம் நாம் இரண்டு மேதாவிகளும்.

உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால் "அந்த ஆளு" என்கிறாள். உன் விலாசத்தைக் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, பம்பாய்க்குக் கடிதம் போக எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாள். நாலைந்து நாள் என்றேன். "அவ்வளவு தூரமா" என்று சொல்லிவிட்டுக் கடலையை உடைக்கப் போய்விட்டாள்.

உள்ளூர்ச் செக்கில் ஐந்து மூட்டையை ஆட்டி, எண்ணெயை மீமிசலுக்குக் கொண்டுபோய்த் தகரம் தகரமாக விற்றேன். அந்தக் காசில் கிடங்குக்கும் கூலிக்கும் ஓடுகிறது. கடற்கரையில் விலை தந்தியைப் பார்த்து ஏறி இறங்குவதில்லை. அன்றைக்கு மீன் பட்டால் எண்ணெய் விற்கிறது, அவ்வளவுதான்.

நீயும் எண்ணெய்ப் பலகாரமாக வாங்கித் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. இரண்டு வரி எழுது.

உன்,
லூர்துநாதன்


மரியே வாழ்க

கீரமங்கலம்
28-6-1955

அன்புள்ள வீரய்யாவுக்கு,

உன் கார்டு கிடைத்தது. எப்போது கிடைத்தது, என்ன செய்தது என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

வைகாசியில் ஒரு நாள் சாயங்காலம் காற்றும் மழையும் சேர்ந்து வந்து, கிடங்கின் மேற்குப் பக்கத்துத் தகரம் நாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நாற்பது மூட்டை நனைந்தது. பள்ளிக்கூடம் கோடை விடுமுறையாக இருந்ததால், வாத்தியாரிடம் கேட்டு அந்த மைதானத்தில் கொட்டிக் காயவைத்தோம். நனையாத மூட்டைகளை வைக்க இடமில்லை. யாரும் கேட்காமலே அருளம்மாள் வீட்டு முன்கட்டைக் காலி செய்து கொடுத்தாள். இப்போது நாங்கள் மூட்டைகளுக்கு நடுவே ஒருக்களித்துத்தான் நடமாடுகிறோம். ஓடு மாற்றவில்லை, ஒழுகுகிற இடமாகப் பார்த்துப் பாத்திரம் வைக்கிறாள்.

நனைந்தது யாருடைய மூட்டை என்று சண்டை வரும் என்று பயந்தேன். ராக்காயி முந்திக்கொண்டாள். "மழ பேரு கேட்டா நனச்சுச்சு? எல்லாருக்குமா சேத்துக் கழிங்க" என்றாள். அவளுடையதில் ஒரு மூட்டைகூட நனையவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஆனி பிறந்ததும் விலை ஒன்பதுக்கு இறங்கியது. அதற்கப்புறம் மில் ஆள் மறுபடி வந்தான். இந்தத் தடவை எட்டரை. கையில் ரொக்கத்தோடு வந்திருந்தான். எல்லோரையும் மண்டிக்கு வரச்சொன்னேன். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன் வீரய்யா, அன்று காலையில் நான் விற்றுவிடுவது என்றே முடிவு செய்திருந்தேன். ஐந்து மாதமாக ராத்திரி தூக்கம் இல்லை. விலைத் தந்தி கொண்டுவரும் தபால்காரரைக் கண்டால் கொல்லைப்பக்கம் போய்விடுகிறேன். இந்த மட்டில் போதும், நஷ்டத்தோடு தொலையட்டும், நிம்மதியாவது கிடைக்கும் என்று தோன்றிவிட்டது.

கூட்டம் கூடியிருக்கும்போதுதான் தபால்காரர் உன் கார்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அன்புள்ள என்றுகூட இல்லை. கீழே கையெழுத்தும் இல்லை. மே மாதம் தொடங்கி வாரவாரமாகப் பம்பாய் விலை. அதற்குக் கீழே இரண்டு வரி: "ஏற்றுமதிக்காரர்கள் கப்பலில் இடம் பிடிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். முடிந்தால் ஆவணி வரை பொறுக்கவும்."

எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன். திருப்பதி, இருபது மூட்டைக்காரர், துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "பதினெட்டுன்னு சொல்லிப்புட்டு ஓடிப்போன மனுசன். அந்த ஆளு காயிதத்த நம்பி இன்னும் ரெண்டு மாசம் காக்கணுமா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை.

கிடங்கு வாசலில் நின்றுகொண்டிருந்த பிரகதாம்பாள் உள்ளே வந்தாள். கார்டை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். அத்தனை ஆண்பிள்ளைகளுக்கு நடுவே அவள் பேசி நான் அன்றுதான் கேட்டேன். சத்தமில்லாமல்தான் பேசினாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "அவுக பயந்தாக, ஓடிப்போனாக. அத நான் இல்லேங்கல. ஆனா போன வருசம் பதினெட்டுன்னு சொன்னப்ப, 'முடிஞ்சா'ன்னு ஒரு வார்த்த அவுக வாயில வரல. இப்ப வந்திருக்கு. தெரியாதது எதுன்னு தெரிஞ்சவுக எழுதுற எழுத்து இது. மண்டியில எங்க பங்குக்கு நான் பொறுக்கிறேன்."

அவுக என்றாள், வீரய்யா. ஐந்து மாதமாக அந்த ஆளு, அந்த ஆளு என்று சொன்னவள்.

பதினொரு பேர் விற்றார்கள். தொண்ணூறு மூட்டை எட்டரைக்குப் போயிற்று. திருப்பதிதான் முதலில் கொடுத்தார். அவருக்கு அப்பாவின் வைத்தியச் செலவு. நான் குறை சொல்ல மாட்டேன். மற்ற இருபது பேர் பொறுத்துக்கொண்டார்கள். மண்டியின் மூட்டைகளையும் நான் கொடுக்கவில்லை. மில் ஆள் போகும்போது, ஐயா ரொம்பத் துணிச்சல்காரர் என்று சொன்னான். அன்று காலையில் நான் விற்க முடிவு செய்திருந்தது அவனுக்குத் தெரியாது.

நீ போவதற்கு முதல் நாள் நான் சொன்னதைப் பற்றி இதுவரைக்கும் எழுதவில்லை. உன் வாயால் வந்தது, நீயே அனுபவி என்று சொன்னேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாய். மறுநாள் காலையில் நீ இல்லை. ஊரெல்லாம் நீ வண்டிக்காரர்களுக்குப் பயந்து ஓடினாய் என்று பேசுகிறது. நீ எதற்காகப் போனாய் என்று எனக்குத் தெரியும். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக்கூடாது. அதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆகிவிட்டது.

பம்பாயில் மழைக்காலம் கடுமை என்கிறார்கள். குடை வாங்கிக்கொள்.

உன்,
லூர்துநாதன்


மரியே வாழ்க

கீரமங்கலம்
25-9-1955

அன்புள்ள வீரய்யாவுக்கு,

விற்றுவிட்டோம். கிடங்கைக் கூட்டிப் பெருக்கியாகிவிட்டது. அருளம்மாள் முன்கட்டில் கை கால் நீட்டிப் படுத்துத் தூங்குகிறாள். இதை முதலில் எழுதினால்தான் மீதியை நீ நிதானமாகப் படிப்பாய்.

ஆடி முதல் வாரத்தில் பிரகதாம்பாள் என்னிடம் வந்து, குறி போட்ட மூட்டைகளில் நல்ல பருப்பாக விழுகிற அறுபதைத் தனியாக எடுத்துவைக்கச் சொன்னாள். எதற்கு என்றேன். "வெதைக்கண்ணே. மில்லுக்கு எண்ணெய் வேணும். குடியானவனுக்கு மொளைக்கிற கடல வேணும். ரெண்டும் வேற வேற யாவாரம் இல்லியா?" என்றாள். நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு கையால் பொறுக்கினாள். மில் விலை மறுபடி பதினொன்றுக்கு வந்திருந்தபோது அந்த அறுபது மூட்டையும் விதைக்கடலையாக இருபத்தொரு ரூபாய்க்குப் போயிற்று. வாங்க வந்தவர்கள் குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். கடன் இல்லை, ரொக்கம். ஆறு மாதமாக ஆளில்லாத சரக்குக்கு, இன்னொரு வாசலில் ஆள் நின்றுகொண்டிருந்திருக்கிறார்கள். நாம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

ஆவணியில் நீ எழுதியபடியே விலை அசைந்தது. முதலில் பன்னிரண்டு. ஒரு வாரத்தில் பதினான்கு. மில் ஆள் காலையும் மாலையும் வரத் தொடங்கினான். இப்போது இறங்கும் பயம் போய், கிடைக்காமல் போகுமோ என்ற பயம் அவன் முதலாளிக்கு. "இப்பப் பயப்படி யாருக்கு யாரு குடுக்கணும்?" என்று ராக்காயி அவனிடமே கேட்டாள். புரட்டாசி முதல் வாரத்தில் பதினெட்டே கால். இன்னும் ஏறும் என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஏறலாம். ஆனால் நமக்குப் பதினெட்டுதான் பேச்சு. அத்தோடு கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதம் எழுதும் இன்று பத்தொன்பது. எனக்கு வருத்தம் இல்லை, தூக்கம் வந்துவிட்டது.

நனைந்த நாற்பது மூட்டை ஒன்பதுக்குத்தான் போயிற்று. அதையும், கூலியையும், சாக்கையும் கழித்து, விதைக்கடலை லாபத்தைக் கூட்டிப் பார்த்தால், பொறுத்திருந்த இருபது பேருக்கும் மூட்டைக்குப் பதினேழே முக்கால் ரூபாய் விழுந்தது.

தை மாதத்தில் பதினோரு ரூபாய்க்குக் கொடுத்துவிட்டுப் போனார்களே பன்னிரண்டு பேர், அவர்களையும் கூப்பிட்டேன். சாமியார் திரும்ப வந்து கேள் என்று சொல்லியிருந்தார். நான் போய்க் கேட்கவில்லை, அவர் என்ன சொல்வார் என்று தெரிந்துவிட்டது. மூட்டைக்கு ஐந்து ரூபாய் மேலே கொடுத்தேன். மீதி ஒன்றே முக்காலை மண்டி வைத்துக்கொண்டது, எட்டு மாதம் பயந்ததற்காக. இது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. நீ வேறு மாதிரி நினைத்தால் சொல்.

நாகராசு மட்டும் வாங்கமாட்டேன் என்றார். "அன்னைக்கு அந்தப் பதினொண்ணு கையில வரலேன்னா எம் மக கல்யாணம் நின்னிருக்கும். தையில வந்த பதினொண்ணு எனக்குப் பதினெட்டுக்கு மேல. போங்க" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மற்ற பதினொரு பேரும் அப்படியெல்லாம் சொல்லவில்லை. கை நீட்டி வாங்கிக்கொண்டார்கள். அதுவும் சரிதான். எட்டரைக்கு விற்ற திருப்பதி வாசலோடு போனார், உள்ளே வரவில்லை. அவருக்கு என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவர் அப்பா ஆடியில் காலமாகிவிட்டார்.

பதினேழே முக்கால் என்று சொன்னதும் எல்லோரும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். ராக்காயி மட்டும் விரல் விட்டு எண்ணிவிட்டு, "நாலணா கொறையுதே" என்றாள். மழை நஷ்டத்தை எடுத்துச் சொன்னேன். அதெல்லாம் தெரியும் என்றாள். சரி, உங்கள் பதினான்கு மூட்டைக்கும் நாலணா வீதம் மூன்றரை ரூபாய், நானே தருகிறேன் என்று பெட்டியைத் திறந்தேன். கையைத் தட்டிவிட்டாள். "ஒங்கிட்ட யாரு கேட்டா? சொன்னது அந்தத் தம்பி. அவரு வந்து அவரு கையால குடுக்கட்டும். அதுவரைக்கும் எனக்குப் பாக்கி இருக்குன்னு எழுதிக்க" என்றாள். எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு, நான் எழுதுகிறேனா என்று பக்கத்திலேயே நின்று பார்த்தாள். மனசு வைத்து யோசித்துப் பார். அவள் காசு கேட்கவில்லை.

ஊர் இப்போது உன்னைப் பற்றி என்ன பேசுகிறது என்று கேட்பாய். பேசுவார்கள். முதல் நாள் டீக்கடையில் நிற்பது கஷ்டமாகத்தான் இருக்கும். இரண்டாம் நாள் கொஞ்சம் குறையும். மூன்றாம் நாள் புதுக் கடலை என்ன விலை என்று உன்னிடமே கேட்பார்கள். இப்போதே கேட்கிறார்கள். கார்த்திகையில் பறிக்கப் போகிற கடலைக்கு இன்றைக்கே விலை சொல்லுங்கள் என்று நச்சரிக்கிறார்கள். நான் வாய் திறக்கவில்லை. பாதி வாய் பம்பாயில் இருக்கிறது என்று சொல்லி அனுப்புகிறேன்.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது அருளம்மாள் தானாகவே, "அந்த அண்ணனுக்கு அங்கிட்டு நம்ம சாப்பாடு கெடைக்குமா?" என்று கேட்டாள். எட்டு மாதத்துக்குப் பிறகு உன் பேச்சை அவளே எடுத்தாள். தெரியாது என்றேன். நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு ஜாடி போட்டு வைத்திருக்கிறாள். அதைப் பார்சலில் அனுப்பினால் உடைந்துவிடும் என்று இரண்டு பேருமே ஒத்துக்கொண்டோம்.

தபாலாபீசில் உன் பேருக்கு எழுபது ரூபாய் மணியார்டர் கட்டியிருக்கிறேன். இது ரயிலுக்கும் வழிச்செலவுக்கும். மண்டிப் பணம், உன் பங்கு, ஆகவே உனக்கு நான் ஒன்றும் உபகாரம் செய்யவில்லை. வேலையை முறைப்படி சொல்லிக்கொண்டு விட்டுவிட்டு வா. இந்தத் தடவை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறவேண்டாம்.

இன்னும் ஒன்று. பிரகதாம்பாள் உன் மேல் கோபமாக இருக்கிறாளா என்பதற்கு நான் பதில் எழுத முடியாது. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது எதிரே உட்கார்ந்திருக்கிறாள். நான் எழுதுவதை எட்டிப் பார்க்கவில்லை. ஏதாவது சேர்த்து எழுதட்டுமா என்று இரண்டு தடவை கேட்டேன், ஒன்றும் வேண்டாம் என்று தலையசைத்தாள். ஆனால் உறையை எடுத்து விலாசம் எழுதப் போனபோது, "அத இப்படிக் குடுங்கண்ணே" என்று கையை நீட்டினாள்.

நீ அவசரத்தில் உறையைக் கிழித்துக் கீழே போட்டிருந்தால், அதை எடுத்து ஒரு தடவை பார்.

தேவமாதா உனக்குத் துணையாக இருந்து வழி காட்டட்டும், தெற்குப் பக்கமாக.

உன் வரவை எதிர்பார்க்கும்
லூர்துநாதன்